பரணிக்கு ஒரு துள்ளல் பாட்டு

ஒரகடத்தில் ஒரு ஜப்பான் கம்பெனி இருந்தது. கார்க் கதவைச் சாத்தும்போது வருகிற 'டப்' என்ற சத்தத்தை மட்டும் அங்கே தயாரித்தார்கள். கதவை வேறு யாரோ செய்தார்கள். வேலைக்குச் சேர்கிற இளைஞர்களுக்கு ஆளுக்கொரு ஜப்பானியப் பாட்டு ஒதுக்குவார்கள். பாட்டு துள்ளலாக இருக்க வேண்டும். பின்னணி இசை ஓட, அதை மைக்கில் பாடி முடித்தால்தான் வேலை நிரந்தரம்.

பாட்டைத் தேர்ந்தெடுப்பது பூவராகனின் பொறுப்பு. சரியாகச் சொன்னால், அவனுடைய வலது காலின் பொறுப்பு. காலை வேளாவேளைக்கு அழைத்து வருவது, உட்கார வைப்பது, வீட்டுக்குக் கூட்டிப்போவது மட்டும் இவன் பாடு.

பூவராகனுக்கு ஜப்பானிய மொழியில் வணக்கம்கூடச் சொல்லத் தெரியாது. காலுக்கும் தெரியாது. ஆனால் காலுக்கு ஒரு குணம் இருந்தது. துள்ளலான பாட்டு எங்கே கேட்டாலும் தாளம் போட்டுவிடும். இடம், பொருள், ஏவல் எதுவும் பார்க்காது. மேஜைக்கு அடியில் கால் ஆடினால் பாட்டு தேறிவிட்டது. ஆடாவிட்டால் அடுத்த பாட்டு.

அவனை வேலைக்கு எடுத்ததே அதற்காகத்தான். நேர்முகத் தேர்வு நடத்தியவர் மொரிகாவா சார். கம்பெனியின் தலைமை அதிகாரி. பிறந்து வளர்ந்தது ஒசாகா. பேசுவது விருத்தாசலத்துத் தமிழ். எங்கே கற்றார் என்று யாரும் கேட்டதில்லை. பேருக்குப் பின்னால் மரியாதைக்கு 'சான்' என்று சேர்ப்பது மட்டும்தான் அவரிடம் மிஞ்சியிருந்த ஜப்பான்.

"ஒங்க காலு எப்பவாவது ஆடக்கூடாத எடத்துல ஆடியிருக்கா?" என்று கேட்டார்.

"ஆடியிருக்கு சார்."

"எங்க?"

"எங்கப்பா சாவுல."

பூவராகன் சொன்னான். அவன் மூத்த பிள்ளை. கொள்ளிச்சட்டியை ஏந்திக்கொண்டு பாடைக்கு முன்னால் நடந்தான். சாவு மேளம் அடித்தார்கள். அடித்தவர்கள் நன்றாக அடித்துவிட்டார்கள். கண்ணில் தண்ணீர் கொட்டிக்கொண்டிருக்கும்போதே வலது கால் தாளம் போட ஆரம்பித்தது. பெரியப்பா பார்த்துவிட்டார். தொடையில் ஓங்கி ஒன்று வைத்தார். அப்புறம்தான் நின்றது. சட்டையைப் பிடித்துக்கொண்டு கூடவே வந்த சின்னத் தம்பி மட்டும் அந்தக் காலைப் பார்த்துச் சிரித்தான். அன்றைக்கு முழுவதும் அந்த வீட்டில் சிரித்தது அவன் ஒருவன்தான்.

"எந்தக் காலு?"

"வலது சார்."

"நாளைக்கே வந்துடுங்க பூவராகன் சான்."

டிப்ளமோ, டிகிரி என்று ஃபைலைத் தூக்கிக்கொண்டு எத்தனை பிள்ளைகள் அந்த ரோட்டில் அலைகிறார்கள். இவனுக்குத் தொடையில் வாங்கிய அடி வேலை வாங்கித் தந்தது. கொடுத்துவைத்தவன் என்று ஊரே சொன்னது. ஊருக்கென்ன, சொல்லிவிட்டுப் போய்விடும்.

கட்டடத்தில் மாடி இரண்டுதான். பாட்டறை மூன்றாவது மாடியில் இருந்தது. லிஃப்டில் மூன்றை அழுத்தினால் போகும். உள்ளே சிவப்பு சோபா, பெரிய டிவி, இரண்டு மைக், குலுக்குவதற்கு ஜால்ரா வைத்த ஒரு வளையம், சுவரில் ஒரு டெலிபோன். பாட்டைப் போட்டால் டிவியில் ஜப்பானிய எழுத்துகள் வரும். பாடப் பாட எழுத்து ஒவ்வொன்றாக நீலமாக மாறும். பாடுகிற பையனுக்கும் அந்த எழுத்து தெரியாது. ஆனால் சரியான பாட்டாக அமைந்துவிட்டால் வாய் தானாகப் பாடிவிடும்.

ஜப்பானில் ஒருவருடைய பாட்டை அவர் முன்னால் இன்னொருவர் பாடுவது மரியாதை இல்லையாம். இங்கே அதைக் கொஞ்சம் இறுக்கமாக வைத்திருந்தார்கள். ஸ்டோர்ஸில் இருந்த ஒருவர் இன்னொருவர் பாட்டைக் கேன்டீனில் சும்மா முணுமுணுத்தார். சாயங்காலம் வரை அவருக்கு உதடு இல்லை. சாம்பாரை மூக்கால் முகர்ந்துவிட்டு எழுந்து போனார்.

பாட்டறைக்கு நேரக் கணக்கு உண்டு. முடியப் பத்து நிமிடம் இருக்கும்போது சுவர் டெலிபோன் அடிக்கும். ஒரு பெண் பேசுவாள். "பத்து நிமிஷம் இருக்கு சார். நீட்டிக்கவா, முடிச்சுக்கவா?" என்பாள். அவளை யாரும் பார்த்ததில்லை. முடித்துக்கொள்ளலாம் என்றுதான் எல்லாரும் சொல்வார்கள். வீட்டுக்குப் போகிற கம்பெனி பஸ் கீழே உறுமிக்கொண்டிருக்கும்.

முதலில் பாடியவன் திண்டிவனத்துச் சுகுமாரன். நல்ல பையன். வெட்கப்பட்டுக்கொண்டு ஆரம்பித்தான். இரண்டாவது அடியில் குதித்தான். கடைசி வரியில் சோபா மேலேயே ஏறிவிட்டான். எல்லாரும் கைதட்டினார்கள். தட்டி முடித்துப் பார்த்தால் சோபாவில் மைக் மட்டும் கிடந்தது. தரை ஈரமாக இருந்தது. லேசாக மீன் வாடை அடித்தது.

"கன்ஃபர்ம் ஆயிடுச்சு" என்றார் ஸ்டெல்லா மேடம். ஆட்களை எடுப்பதும் வைப்பதும் அவர் பொறுப்பு. சொல்லிவிட்டு மாப்பை எடுத்து அவரே துடைத்தார்.

சுகுமாரனை ஜப்பானுக்குப் பயிற்சிக்கு அனுப்பிவிட்டார்கள் என்று எல்லாரும் புரிந்துகொண்டார்கள். அந்த வட்டாரத்தில் ஒருவன் திடீரென்று காணாமல் போனால் வேறு எப்படிப் புரிந்துகொள்வது? சம்பளம் மாதாமாதம் வீட்டுக்குப் போனது. அவன் தெருவில் ஆளுயரத்துக்கு ஃப்ளெக்ஸ் வைத்தார்கள். கோட்டு போட்ட சுகுமாரன், பின்னால் ஒரு மலை, பக்கத்தில் கைகூப்பிய மாமன் மச்சான் எல்லாரும் இருந்தார்கள். பையன் போனே பண்ணுவதில்லை என்று அம்மாக்காரி சொன்னாள். அங்கே நேரம் வேறு என்று அப்பாக்காரர் சொன்னார். பேச்சு அதோடு முடிந்தது.

அடுத்தடுத்துப் பையன்கள் பாடினார்கள். அடுத்தடுத்து நிரந்தரம் ஆனார்கள். ஒருவன் நின்ற இடத்தில் கொஞ்சம் பனி கிடந்தது. கேன்டீன்காரர் அதை வீணாக்காமல் எலுமிச்சை ஜூஸில் போட்டார். பூவராகனும் ஒரு டம்ளர் குடித்தான். நன்றாகத்தான் இருந்தது.

அப்போதுதான் அவனுக்குத் தம்பி ஞாபகம் வந்தது. தம்பியும் ஜப்பான் போனால் என்ன?

பரணி விருத்தாசலத்து வீட்டில் படுத்திருந்தான். டிப்ளமோ முடித்ததிலிருந்து படுத்திருந்தான். மேலே மின்விசிறி சுற்றும். அதையே பார்த்துக்கொண்டிருப்பான். சாப்பிடக் கூப்பிட்டால் வருவான், சாப்பிடுவான், மறுபடி போய்ப் படுப்பான். யாரையும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. திருவிழாவில் பேண்டு வாத்தியம் காதோரம் அடித்தாலும் அவன் கால் அசையாது. அவன் சிரித்ததே அப்பா சாவில்தான் கடைசி என்று பூவராகனுக்குத் தோன்றும்.  தம்பி மேல் அவனுக்கு அவ்வளவு உயிர். சொல்லிக்கொள்ளத்தான் தெரியாது.

அம்மா போனில் சொன்னாள். "நல்ல துள்ளலான பாட்டாப் பாத்துக் குடுடா. மூஞ்சிய உம்முன்னு வச்சிக்கிட்டே கெடக்குறான். பாக்கச் சகிக்கல."

பரணி வந்து சேர்ந்தான். பூவராகன் அவனுக்காகப் பாட்டுக் கேட்க உட்கார்ந்தான். முதல் பாட்டிலேயே கால் எகிறியது. மேஜையில் முட்டிக் கணுக்கால் வீங்கிவிட்டது. அவ்வளவு துள்ளலை அந்தக் கால் அதுவரை கண்டதில்லை. பாட்டைத் தம்பிக்குப் போட்டுக் காட்டினான். பரணி டிவியைப் பார்த்துக்கொண்டிருந்தான். கொஞ்ச நேரம் கழித்து அவனுடைய வலது கால் கட்டைவிரல் மட்டும் மேலே போய்க் கீழே வந்தது.

பூவராகன் கழிவறைக்குப் போய்த் தாழ் போட்டுக்கொண்டு அழுதான். சந்தோஷத்தில்தான்.

மறுநாளே விருத்தாசலம் பெரியார் நகர் முக்கில் ஃப்ளெக்ஸ் வந்துவிட்டது. 'ஜப்பானையே ஆட்டிப்படைக்கப் போகும் எங்கள் பரணியே' என்று எழுதியிருந்ததாம். அம்மா அதற்கு முன்னால் நின்று போட்டோ எடுத்து அனுப்பினாள்.

நன்றி சொல்ல அல்வா வாங்கிக்கொண்டு மொரிகாவா சாரைப் பார்க்கப் போனான் பூவராகன். அன்றைக்கு வராந்தா வழக்கத்தைவிட நீளமாக இருந்தது. நடுவழியில் ஒரு டீக்கடை வந்திருந்தது. ஒரு டீ குடித்துவிட்டு நடந்தான்.

"தம்பிய எந்த ஊருக்கு அனுப்புவீங்க சார்? ஒசாகாவுக்கா?"

"ஒசாகாவுக்கு எதுக்கு?" என்றார் மொரிகாவா சார்.

"பயிற்சிக்கு. சுகுமாரனயெல்லாம் அனுப்புனீங்களே."

"அவுரு படகுல போனாரு."

"ஜப்பானுக்குப் படகுலயா?"

"பாட்டுல படகு வருது. கடசி வரியில அந்தப் பையன் படகேறிப் போயிடறான். கடலு மட்டும் இருக்கு. அதான் பாட்டு. அவுரு பாடுனாரு, போனாரு."

பூவராகன் அல்வாப் பொட்டலத்தை மேஜையில் வைத்தான். பிறகு கையில் எடுத்துக்கொண்டான்.

"நீங்க சொல்லவே இல்லயே சார்."

"நீங்க கேக்கவே இல்லயே பூவராகன் சான்."

அது நியாயம்தான். பாம்பு தின்கிற ஊருக்குப் போனால் நடுத்துண்டு நமக்கு என்று உட்கார்ந்துவிட்டவன், என்ன பாம்பு என்று கேட்பதில்லை.

"எந்தம்பி பாட்டுல என்னா வருது?"

மொரிகாவா சார் கண்ணை மூடிக்கொண்டு மெதுவாகச் சொன்னார். "மொத அடியில ஒரு பையன் புதுச் செருப்பு போட்டுக்கறான். ரெண்டாவது அடியில மேட்டுலருந்து எறங்கி ஓடறான். அப்புறம் கொஞ்ச நேரம் வெறும் மியூசிக்கு. கடசி அடியில அவன் ஓடற ஓட்டத்துல அவன யாராலயும் பாக்க முடியல. நல்ல பாட்டு."

"வேற பாட்டு குடுக்கறன் சார். ரயில் பாட்டு ஒண்ணு இருந்துச்சே."

"அதுல ரயில்லேருந்து எறங்க மாட்டான்."

"கைதட்டற மாதிரி ஒண்ணு வருமே?"

"அதுல பனியாயிடுவான். நீங்ககூட ஜூஸு குடிச்சீங்க."

பூவராகன் புறங்கையால் வாயைத் துடைத்துக்கொண்டான். 

"யாரும் எங்கயும் போவாத பாட்டே இல்லயா சார்?"

"இருக்கு. மெதுவான பாட்டு. அதுல எல்லாரும் சின்னக் கடையில குந்திக்கிட்டுக் குடிப்பாங்க. வெளியில மழ பெய்யும். ஒருத்தரும் எழுந்திரிக்க மாட்டாங்க. எம்பாட்டுகூட அதுதான்."

"அத எந்தம்பிக்குக் குடுத்துடலாமே."

"முப்பது வயசு ஆவணும். எளவட்டத்துக்குத் துள்ளல் பாட்டுதான். துள்ளல்னாப் போவணும் பூவராகன் சான். போறவனுக்குத்தான் துள்ளும். ஒங்க ஊருல யாரு போறப்ப மேளம் அடிக்கிறீங்க?"

பூவராகனுக்கு வலது தொடையில் பெரியப்பா அடித்த இடம் எரிந்தது.

அல்வாவோடு திரும்பி நடந்தான். டீக்கடை மூடியிருந்தது. ஸ்டெல்லா மேடத்திடம் போய்த் தம்பிக்குப் பாட்டே வேண்டாம், வேலையும் வேண்டாம், ஊருக்குக் கூட்டிப்போகிறேன் என்றான்.

"தாராளமா" என்றார் மேடம். "அவரு வந்தா கூட்டிட்டுப் போங்க."

பரணி ஹாஸ்டல் கட்டிலில் உட்கார்ந்து புதுச் செருப்பைத் துடைத்துக்கொண்டிருந்தான். ஊரிலிருந்து அம்மா வாங்கிக் கொடுத்து அனுப்பியது. இந்த மாதிரி சமாச்சாரம் எல்லாம் எப்படித்தான் ஒன்றுகூடி வருமோ.

பூவராகன் எல்லாவற்றையும் சொன்னான். பரணி கேட்டுக்கொண்டே துடைத்தான்.

"வாடா, ஊருக்குப் போவலாம்."

"ஃப்ளெக்ஸு வச்சாச்சேண்ணா."

"கழட்டிட்டாப் போவுது."

"கழட்டிட்டு? மறுபடி போயி ஃபேனப் பாத்துக்கிட்டுப் படுத்துக் கெடக்கவா? தெருவுல ஒவ்வொருத்தனும் என்னாடா ஜப்பான் போவுலயான்னு கேப்பான். அதுக்கு நான் பாடிட்டே போயிடறன்."

"திரும்பி வர மாட்டடா."

"இங்க இருந்தும் நான் எங்கண்ணா இருக்கன்?" பரணி செருப்பைக் கீழே வைத்தான். "அன்னிக்கு எங்காலு ஆடுச்சு. பாத்தியா?"

"பாத்தன்."

"எனக்கு அது புடிச்சிருந்துது."

பூவராகன் தம்பியின் கையைப் பிடித்து இழுத்துப் பார்த்தான். கெஞ்சிப் பார்த்தான். அல்வாவைப் பிரித்துக்கூட வைத்தான். பரணி ஒரு துண்டு தின்றுவிட்டு நன்றாக இருக்கிறது என்றான். அவன் சாப்பாட்டைப் பற்றி அபிப்பிராயம் சொன்னது அதுதான் முதல் தடவை.

சனிக்கிழமை சாயங்காலம் எல்லாரும் பாட்டறையில் கூடினார்கள். மொரிகாவா சார் ஜால்ரா வளையத்தைக் குலுக்கினார். பரணி புதுச் செருப்போடு டிவிக்கு முன்னால் நின்றான். பாட்டு ஆரம்பித்தது.

பூவராகன் தன் வலது காலை இடது காலால் மிதித்துக்கொண்டான்.

பரணி பாடினான். அவனுக்கு இவ்வளவு நல்ல குரல் இருக்கும் என்று வீட்டில் யாருக்கும் தெரியாது. முதல் அடியில் தோளைக் குலுக்கினான். இரண்டாவது அடியில் குதித்தான். எழுத்துகள் ஒவ்வொன்றாக நீலமாயின. அறை லேசாக மேடாகச் சாய்ந்தது. எல்லாரும் சோபாவைப் பிடித்துக்கொண்டார்கள். பரணி அந்தச் சரிவில் இறங்கி ஓடுவது போல் நின்ற இடத்திலேயே ஓடினான். இரண்டாவது அடி முடிந்தது. எழுத்து நின்றது. வெறும் இசை மட்டும் வந்தது.

சுவர் டெலிபோன் அடித்தது. பூவராகன் பாய்ந்து எடுத்தான்.

"பத்து நிமிஷம் இருக்கு சார். நீட்டிக்கவா, முடிச்சுக்கவா?"

"நீட்டுங்க."

"எத நீட்டணும் சார்?"

யாரும் அவனிடம் அதற்குமுன் அந்தக் கேள்வியைக் கேட்டதில்லை. "இந்த மியூசிக்க" என்றான்.

"சரிங்க சார்."

இசை நீண்டது. பாட வேண்டிய எழுத்து வரவில்லை. பரணி மைக்கை வாயருகே வைத்துக்கொண்டு, சிரித்த முகமாக, கடைசி அடிக்காகக் காத்திருந்தான். கால் தாளம் போட்டுக்கொண்டிருந்தது. எல்லாரும் கைதட்டிக்கொண்டிருந்தார்கள். நேரம் முடியப் பத்து நிமிடம் இருக்கும்போது மறுபடி டெலிபோன் அடித்தது. மறுபடி நீட்டச் சொன்னான்.

கொஞ்ச நேரத்தில் கைதட்டியவர்களுக்குக் கை வலித்தது. ஒவ்வொருவராக எழுந்து பஸ்ஸுக்குப் போனார்கள். மொரிகாவா சார் ஜால்ராவைப் பூவராகன் மடியில் வைத்துவிட்டுப் போனார்.

முப்பது வயது ஆகிவிட்டால் மெதுவான பாட்டு. பூவராகனின் கணக்கு அவ்வளவுதான். அதுவரை தம்பியை அந்த இசையிலேயே நிறுத்தி வைத்துவிட்டால் போதும். பிறகு அவன் ஒரு சின்னக் கடையில் உட்கார்ந்து குடிக்கட்டும். வெளியே மழை பெய்யட்டும். குடிகாரனாகவாவது இருக்கட்டுமே, இருந்தால் போதாதா?

அவன் சோபாவிலேயே குடியேறினான். டெலிபோனுக்குப் பக்கத்தில் சாப்பிட்டான். டெலிபோனுக்குப் பக்கத்தில் தூங்கினான், ஒவ்வொரு மணிக்கும் விழித்தான். கேன்டீனில் இருந்து தட்டு வந்தது. பரணிக்கு ஊட்டப் போனால் அவன் மைக்கை இறக்க மாட்டேன் என்றான். வரி வந்துவிட்டால் என்ன செய்வது என்றான்.

மழைக்காலங்கள் போயின. அறையும் நீண்டுகொண்டே போனது. பரணி நின்ற இடம் வர வரத் தூரமானது. பேச வேண்டும் என்றால் சத்தம் போட வேண்டியிருந்தது.

வேலை மட்டும் நிற்கவில்லை. புதுப் பையன்களுக்கான பாட்டுகளை ஸ்பீக்கரில் இந்த அறைக்கே அனுப்பினார்கள். பூவராகன் டெலிபோனைப் பிடித்துக்கொண்டிருப்பான். கீழே கால் மிதியை மீறி அந்தப் பாட்டுக்கு ஆடும். ஆடிய பாட்டை யாரோ ஒரு பையனுக்குக் கொடுப்பார்கள். பக்கத்து அறையில் கைதட்டல் கேட்கும். பிறகு மாப்பு போடுகிற சத்தம் கேட்கும். ஊரார் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும் என்பார்கள். இவன் ஊரார் பிள்ளைகளை வழியனுப்பிக்கொண்டு தன் தம்பியைப் பிடித்துவைத்திருந்தான். அது அவனுக்குத் தெரிந்தே இருந்தது. தெரிந்தும் காலை ஒன்றும் செய்ய முடியவில்லை என்று சொல்லிக்கொண்டான். காலின் மேல் பழி போடுவது சுலபம். அது பேசாது.

அம்மா போன் பண்ணுவாள். "பரணி ப்ளேன் ஏறிட்டானாடா?"

"ஏறிக்கிட்டே இருக்காம்மா."

"ஃப்ளெக்ஸுல அவன் மூஞ்சி வெளுத்துப்போச்சுடா. ஆளே தெரியல. வேற வைக்கச் சொல்லட்டா?"

"இருக்கட்டும்மா."

ஒருநாள் பரணியின் தலையில் நரை தெரிந்தது. பூவராகனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. தம்பிக்கு நரைத்ததற்குச் சந்தோஷப்பட்ட அண்ணன் அவன் ஒருவனாகத்தான் இருப்பான். ஸ்டெல்லா மேடத்தைக் கூப்பிட்டான்.

"மேடம், தம்பிக்கு முப்பது தாண்டிடுச்சு. மெதுவான பாட்டா மாத்திக் குடுங்க."

மேடம் கண்ணுக்கு மேல் கையை வைத்துத் தூரத்தில் நிற்கிற பரணியைப் பார்த்தார்.

"மியூசிக்லயே நிக்கறாரா?"

"ஆமா மேடம்."

"மியூசிக்ல நிக்கற காலம் வயசுல சேராது பூவராகன். இன்னும் இருபத்து மூணுதான்."

"தல நரச்சிருக்கே மேடம்."

"நரைக்கட்டும். நரைக்கக் கூடாதுன்னு நாங்க சொல்லலயே. வயசுதான் ஏறாது."

மேடம் போய்விட்டார். பூவராகன் டெலிபோன் ஒயரைக் கையில் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். இனி எத்தனை முறை நீட்டினாலும் தம்பி கிழவனாவான். கிழட்டு இருபத்து மூன்று. துள்ளல் பாட்டு காத்துக்கொண்டே இருக்கும். இதற்கு முடிவு இல்லை. அவனுக்கு வாய்விட்டு அழ வேண்டும் போலிருந்தது. அழுதான்.

தூரத்திலிருந்து பரணியின் குரல் வந்தது. மைக்கில் பேசியதால் தெளிவாகக் கேட்டது.

"அண்ணா."

"என்னாடா?"

"வாயி வலிக்குதுண்ணா. சிரிச்சிக்கிட்டே நின்னு."

பூவராகன் டெலிபோன் ஒயரைக் கையிலிருந்து கழற்றினான்.

"ஃபேனப் பாத்துக்கிட்டுக் கெடந்தன். இப்ப டிவியப் பாத்துக்கிட்டு நிக்கறன். அங்கயாவது படுத்திருந்தன்."

"நீ இருந்தாப் போதும்டா எனக்கு."

"எனக்குப் போதலண்ணா. விட்டுருண்ணா."

டெலிபோன் அடித்தது.

"பத்து நிமிஷம் இருக்கு சார். நீட்டிக்கவா, முடிச்சுக்கவா?"

பூவராகன் தம்பியைப் பார்த்தான். நரைத்த தலை. அன்றைக்குப் போட்ட அதே புதுச் செருப்பு, தேயவே இல்லை. மைக்கைப் பிடித்திருந்த கை சரிந்து சரிந்து ஏறியது. கால் மட்டும் தாளம் தப்பவில்லை.

"சார்?"

"முடிச்சுக்கறோம்."

 "இத்தன நாளாச்சு, முடிச்சுக்கறோம்னு சொல்ல மாட்டீங்கன்னு நெனச்சேன் சார்" என்று சொல்லிவிட்டு வைத்தாள்.

இசை ஒரு சுற்று வந்து இறங்கியது. டிவியில் கடைசி அடியின் எழுத்துகள் வந்தன. பரணி மூச்சை இழுத்தான். பாடினான்.

பூவராகன் ஜால்ரா வளையத்தை எடுத்துக் குலுக்கினான். வேறு ஆள் இல்லை. தம்பி கைதட்டல் இல்லாமல் போகக் கூடாது என்று நினைத்தான். வலது காலை மிதித்திருந்த இடது காலை எடுத்தான். வலது கால் எகிறியது. தம்பி பாட்டுக்கு இத்தனை காலம் அடக்கிவைத்ததற்கெல்லாம் சேர்த்து ஆடியது. பூவராகன் எழுந்து நின்றான். கண்ணில் தண்ணீர் கொட்டக் கொட்ட ஆடினான். கையில் கொள்ளிச்சட்டி இல்லை என்பது ஒன்றுதான் வித்தியாசம்.

பரணி ஓடத் தொடங்கினான். அந்த நீண்ட அறையில் தூரத்திலிருந்து கிட்டே கிட்டே வந்தான். செருப்புச் சத்தம் டப் டப்பென்று கேட்டது. அண்ணனைக் கடக்கும்போது குனிந்து அந்த வலது காலைப் பார்த்தான். சிரித்தான். அப்பா சாவில் சட்டையைப் பிடித்துக்கொண்டு சிரித்த அதே சிரிப்பு.

பிறகு அவனைப் பார்க்க முடியவில்லை.

பாட்டு முடிந்தது. டிவியில் மதிப்பெண் வந்தது. எண்பத்தொன்று. கீழே ஏதோ எழுதியிருந்தது. துடைக்க வந்த ஸ்டெல்லா மேடம் படித்துச் சொன்னார். துள்ளல் இன்னும் கொஞ்சம் வேண்டுமாம். தரையில் துடைக்க ஒன்றும் இல்லை. மேடம் மாப்போடு திரும்பிப் போனார்.

பூவராகனின் செல்போன் அடித்தது. அம்மாதான்.

"தம்பி கெளம்பிட்டானாடா?"

"கெளம்பிட்டாம்மா. இப்பதான்."

"சந்தோசமாப் போனானா?"

"சிரிச்சிக்கிட்டே போனாம்மா."

"அது போதும். எத்தினி வருசமாச்சு அவன் சிரிச்சி." அம்மா மூக்கை உறிஞ்சினாள். "ஆமா, அங்க என்னாடா டக்கு டக்குன்னு சத்தம்?"

"எங்காலும்மா."

அம்மா காது கொடுத்துக் கேட்டாள். 

"பாட்டு இன்னும் முடியலயாடா?" என்றாள்.

"முடிஞ்சிடுச்சும்மா."

சுவர் டெலிபோன் அடித்தது. அடுத்த பையன் வெளியே காத்திருப்பதாக அந்தப் பெண் சொன்னாள். உளுந்தூர்பேட்டைப் பக்கமாம். உள்ளே அனுப்பட்டுமா என்று கேட்டாள். பூவராகன் வலது தொடையில் ஓங்கி ஓர் அடி வைத்தான். நிற்கவில்லை. இன்னொன்று வைத்தான். சொந்தக் கை அல்லவா, அடி சரியாக விழவில்லை. பெரியப்பா செத்துப் பல வருடம் ஆகிறது. அடித்து நிறுத்த ஆள் இல்லாமல் கால் ஆடிக்கொண்டே இருந்தது.